பல ஆண்டுகளாகச் செதுக்கிய மின்னஞ்சல் அமைப்புகள் ஒரே மேம்படுத்தலில் கலைந்துவிட்டன: மீட்பது எப்படி, இனித் தடுப்பது எப்படி?

கேள்வி: மடலேந்தி

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆய்விதழின் கடிதப் போக்குவரத்தைப் பதினொரு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கட்டுரை அனுப்புவோர், அதை மதிப்பிடுவோர், மெய்ப்புப் பார்ப்போர், சந்தாதாரர் ஆகியோரின் மடல்கள் மூன்று கணக்குகளில் வந்து சேர்கின்றன. அவற்றைக் கணினியில் நிறுவிய ஒரு மின்னஞ்சல் செயலியில் ஒன்றாகத் திறந்து பார்ப்பதே என் வழக்கம். இத்தனை ஆண்டுகளில் அந்தச் செயலியை என் வேலைக்கு ஏற்றபடி சிறிது சிறிதாக மாற்றி வைத்திருந்தேன். பொருள் வரியில் உள்ள கட்டுரை எண்ணைப் பார்த்து மடலை உரிய கோப்புறைக்கு நகர்த்தும் அறுபதுக்கும் மேற்பட்ட வடிகட்டிகள், மதிப்பீட்டாளர்களின் மடல்களுக்குத் தனி நிறம், கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கையொப்பம், மேற்கோளுக்குக் கீழே மறுமொழி தொடங்கும் ஏற்பாடு, வெற்றுரையாக மட்டுமே மடல் அனுப்பும் தெரிவு, பட்டியலின் வரி இடைவெளியை மாற்றும் பாணித்தாள் (செயலியின் தோற்றத்தை மாற்றும் கோப்பு), இரண்டு நீட்சிகள் (செயலிக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) என்று அது வளர்ந்திருந்தது. இவற்றில் ஒன்றையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. தேவை எழுந்தபோது செய்தேன், செய்தபின் மறந்துவிட்டேன்.

சென்ற மாதம் இயங்குதளத்தையே புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. செயலியின் பழைய பதிப்பைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்த நான், இம்முறை அதன் அண்மைப் பதிப்பை நிறுவினேன். பழைய தரவுக் கோப்புறையைப் படியெடுத்து முன்பிருந்த அதே இடத்தில் வைத்திருந்தும், செயலியைத் திறந்தபோது புதிதாக வந்தவரை வரவேற்பதுபோல் கணக்கு உருவாக்கும் சாளரம் வந்து நின்றது. பதினொரு ஆண்டு மடல்களும் போய்விட்டன என்றே அந்த வேளையில் எண்ணினேன். அஞ்சல் சேவையின் கணினியான வழங்கியில் மடல்கள் இருந்ததால் மூன்று கணக்குகளையும் மறுபடி சேர்த்தேன். இரண்டு இயங்கின, பழைய நிறுவனக் கணக்கு மட்டும் இணைய மறுக்கிறது, காரணமும் தெளிவாகக் காட்டப்படவில்லை. வடிகட்டிகள் இல்லை. பாணித்தாளைப் பழைய கோப்புறையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். செயலி அதைப் பொருட்படுத்தவே இல்லை. நீட்சிகள் இரண்டும் இந்தப் பதிப்புக்குப் பொருந்தாதவை என்று செய்தி வருகிறது.

இவற்றுக்கிடையே நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரு மதிப்பீட்டாளர் தம் உடல்நிலையைச் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதியிருந்த மடல், நிறமும் பெறாமல் கோப்புறைக்கும் நகராமல், உள்பெட்டியில் நூற்றுக்கணக்கான மடல்களின் அடியில் ஒன்பது நாள்கள் கிடந்தது. ஆறாம் நாளில் நான் அவருக்குக் கெடு முடிந்ததென நினைவூட்டல் அனுப்பியிருந்தேன். அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார் என்றாலும், அந்த நினைவூட்டலை அனுப்பியவன் நான்தானே என்ற உறுத்தல் இன்னும் தீரவில்லை.

மென்பொருளின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். வேறு செயலிகளைப் பயன்படுத்தும் நண்பர்களும் இதே போன்ற அனுபவங்களைச் சொன்னதால், யாரையும் குறைகூறுவதைவிட இதன் காரணத்தைப் புரிந்துகொள்வதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் கேட்பவை மூன்று. பழைய அமைப்புகளை இப்போது மீட்க வழி உண்டா? பயனர் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்புகள் மேம்படுத்தலின்போது ஏன் இவ்வளவு எளிதாகக் கலைகின்றன? மேம்படுத்தலையே நிறுத்திவிடாமல் இதைத் தடுக்க முடியுமா?

மறுமொழி 1: பழைய பயனர்

வணக்கம். முதலில் ஓர் ஆறுதல்: நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்கள் வடிகட்டிகளும் கையொப்பங்களும் பெரும்பாலும் அழிந்திருக்காது. செயலி வேறொரு கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எதுவும் இல்லை என்கிறது. உங்கள் பழைய கோப்புறை வட்டில் அப்படியே இருக்க வேண்டும். நான் நெடுங்காலம் பயன்படுத்திவரும் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனிப் புரொஃபைல் (பயனரின் மடல்களும் அமைப்புகளும் உள்ள கோப்புறை) என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் ஒரே தரவைத் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் செயலியை வேறு இடத்தில் நிறுவியவர்களுக்கும் வேறு வகை நிறுவல் தொகுப்புக்கு மாறியவர்களுக்கும் அது வெறுமையான புதிய புரொஃபைலை உருவாக்கிக் கொடுத்தது. மடல்கள் போய்விட்டன என்று உங்களைப் போலவே பலரும் அப்போது கலங்கினார்கள். உங்கள் செயலி அதுவாகவோ அதே அடித்தளத்தில் எழுதப்பட்டதாகவோ இருந்தால், உதவிப் பட்டியலில் உள்ள பிழைத்திருத்தத் தகவல் பக்கத்தைத் திறவுங்கள். இப்போது பயன்பாட்டில் உள்ள புரொஃபைல் எது, கணினியில் வேறு எவை உள்ளன என்று அங்கிருந்து அறியலாம். பழையதை இயல்பான புரொஃபைலாக மாற்றவும் செய்யலாம்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். செயலியை முழுவதுமாக மூடிவிட்டு, பழைய புரொஃபைல் கோப்புறையை வேறொரு வட்டுக்குப் படியெடுத்து வையுங்கள். புதிய பதிப்பு பழைய புரொஃபைலைத் திறந்த அந்த நொடியே சில கோப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடும். பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப நினைத்தால், அதே 68-ஆம் பதிப்பில் வந்த மற்றொரு பாதுகாப்பு குறுக்கே நிற்கும்: புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதியதொன்றை உருவாக்கச் சொல்லும். தரவு கெடாமல் காப்பது நல்லதுதான். ஆனால் மேம்படுத்தல் ஒருவழிப் பாதை என்பதை அது மேம்படுத்தும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இணைய மறுக்கும் நிறுவனக் கணக்கைப் பொறுத்தவரை, இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு, பழைய மறைகுறியாக்க நெறிமுறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக முடக்கியது. மறு ஆண்டு மார்ச்சில் இணையத் தரநிலைக் குழுவும் அவை இரண்டையும் கைவிடப்பட்டவையாக அறிவித்தது. உங்கள் நிறுவனத்தின் வழங்கி இன்னும் அந்தப் பழைய நெறிமுறைகளை மட்டுமே பேசுகிறதென்றால், புதிய செயலிக்கும் அதற்கும் பொதுமொழி இல்லாமல் போய்விடும். குறைந்தபட்ச நெறிமுறை எது என்பதைக் குறிக்கும் எண்ணை உள்ளமைப்புகளில் குறைத்து இணைப்பை உயிர்ப்பிக்கலாம் என்றாலும், அதை ஓரிரு நாள் ஒட்டுவேலையாக மட்டுமே கொள்ளுங்கள். வழங்கியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதி அவர்களை மாறச் செய்வதே சரியான வழி. மற்றொரு காரணம் நுழைவு முறை. கூகுள் தன் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு பிற செயலிகள் நுழைவதை 2022 மே 30 முதல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அஞ்சல் சேவையில் அதே ஆண்டு அக்டோபரில், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்ட அடிப்படை நுழைவை முடக்கத் தொடங்கியது. நிறுவனக் கணக்கு அத்தகைய சேவை ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், கணக்கின் அமைப்பில் நுழைவு முறையைக் கடவுச்சொல்லிலிருந்து ஓஆத் 2-க்கு (சேவையின் பக்கத்தில் நுழைந்து செயலிக்கு அனுமதி தரும் முறை) மாற்ற வேண்டும்.

நீட்சிகளின் நிலைதான் கடினமானது. அதே 78-ஆம் பதிப்பு பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை முற்றிலும் கைவிட்டது. மடல்களை மறைகுறியாக்கப் பல ஆண்டுகள் பலரும் நம்பியிருந்த எனிக்மெயில் அத்துடன் நின்றுபோனது. அதன் வேலையைச் செயலியே தனக்குள் ஏற்றுக்கொண்டதால் அதன் பயனர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. மற்ற நீட்சிகளுக்கெல்லாம் அந்தப் பேறு வாய்க்கவில்லை. உங்கள் இரண்டு நீட்சிகளும் என்ன செய்தன என்று எழுதினால், மாற்று ஏதேனும் உண்டா என்று இங்குள்ளவர்கள் சொல்லக்கூடும்.

மறுமொழி 2: மடலேந்தி

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் படியெடுத்தேன், பிறகு பழைய புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துத் திறந்தேன். மடல்களும் வடிகட்டிகளும் கையொப்பங்களும் திரும்பி வந்துவிட்டன. அந்தச் சாளரம் திறந்தபோது எனக்கு உண்டான நிம்மதியை எழுத்தில் சொல்வது கடினம். நிறுவனக் கணக்குக்கு நீங்கள் கூறிய முதற்காரணமே பொருந்தியது. வழங்கியைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் இரண்டு விந்தைகள் மிஞ்சுகின்றன. ஏழு வடிகட்டிகள் பட்டியலில் இருந்தும் தேர்வுக்குறி நீங்கி முடங்கிக் கிடக்கின்றன. நான் அவற்றை முடக்கவில்லை. இரண்டாவதாக, நான் வருடக்கணக்காக ஒரே மாதிரிக் கண்டு பழகிய சில நடத்தைகள் மாறியிருக்கின்றன. பட்டியல் வேறு வரிசையில் அடுக்கப்படுகிறது. மடல்கள் உரையாடலாகத் தொகுக்கப்படுகின்றன. என் பழைய அமைப்புகள் முழுவதும் திரும்பியிருக்கும்போது இவை மட்டும் ஏன் மாற வேண்டும்?

மறுமொழி 3: நிரலாளர்

உங்கள் இரண்டாவது விந்தையில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் இருக்கிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மின்னஞ்சல் மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயனர் தம் அமைப்புகள் என்று எண்ணுவதும், நிரல் பயனரின் அமைப்புகள் என்று எண்ணுவதும் ஒன்றல்ல. நீங்கள் பதினொரு ஆண்டுகள் பயன்படுத்திய செயலியின் தோற்றமும் நடத்தையும் முழுவதுமாக உங்களுடைய அமைப்பு என்று நீங்கள் கருதுகிறீர்கள், அது நியாயமும்கூட. நிரலோ, தன்னோடு வரும் இயல்பமைப்பிலிருந்து நீங்கள் விலகிச்சென்ற இடங்களை மட்டுமே உங்களுடையவை என்று குறித்து வைக்கிறது. எஞ்சிய நூற்றுக்கணக்கான தெரிவுகளில் உங்கள் கோப்பில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. அங்கெல்லாம் நிரல் தன் இயல்பமைப்பைப் பார்த்து நடந்துகொள்ளும். அடுத்த பதிப்பில் இயல்பமைப்பு மாறினால், நீங்கள் எதையும் தொடாமலேயே உங்கள் செயலி மாறிவிடும்.

தண்டர்பேர்டின் அடித்தளத்தில் இது இன்னும் ஒரு படி நுட்பமானது. ஓர் அமைப்பை நீங்கள் ஆராய்ந்து, இருப்பதே நன்று என்று முடிவுசெய்து, இயல்பமைப்பின் மதிப்பையே தேர்ந்தெடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு இரண்டும் ஒன்றாக இருப்பதால் அது உங்கள் விருப்பக் கோப்பில் பதிவாகாது. ஒருபோதும் எண்ணிப் பார்க்காதவரும், எண்ணித் தெளிந்து அதையே தேர்ந்தவரும் நிரலின் கண்ணுக்கு ஒருவரே. இயல்பமைப்பு மாறும் நாளில் இருவரும் ஒன்றாகவே இழக்கிறார்கள். இதற்கு ஒரு தீர்வு உண்டு. புரொஃபைல் கோப்புறையில் யூசர்.ஜேஎஸ் என்ற பெயரில் ஒரு கோப்பை நீங்களே உருவாக்கி, உங்களுக்கு இன்றியமையாத அமைப்புகளை அதில் வரிவரியாக எழுதி வைக்கலாம். செயலி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அக்கோப்பைப் படித்து, அதில் உள்ளவற்றை நடைமுறைப்படுத்தும். இன்று இயல்பமைப்போடு ஒத்துப்போகும் வரியும் அங்கே எழுதப்பட்டிருந்தால், நாளை இயல்பமைப்பு விலகும்போது உங்கள் வரி நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அதை ஏன் எழுதினீர்கள் என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதைப் படிக்கப்போகும் நீங்கள் வேறொருவராக இருப்பீர்கள்.

ஏழு வடிகட்டிகள் முடங்கியதற்குக் காரணம் எளியது. வடிகட்டி தான் மடலை அனுப்ப வேண்டிய கோப்புறையின் முழு முகவரியை எழுதி வைத்திருக்கும். அக்கோப்புறை அந்த முகவரியில் இல்லையென்று கண்டால், மடலைத் தவறான இடத்தில் போடாமல் இருப்பதற்காகச் செயலி அந்த வடிகட்டியை முடக்கிவிடும். முடங்கிய ஏழும் இணைய மறுத்த அந்த நிறுவனக் கணக்கின் கோப்புறைகளைச் சுட்டுபவையா என்று பாருங்கள். அப்படியானால், கணக்கு இணைந்தபின் இலக்குக் கோப்புறையை மறுபடி தேர்ந்து குறியிட்டாலே போதும்.

இனி, ஏன் இப்படி என்ற கேள்வி. எல்லா முறிவுகளும் அலட்சியத்தால் வருபவை அல்ல என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான எக்சிம் 4.94 என்ற அஞ்சல் வழங்கி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மடல் அனுப்புபவர் தரும் பெறுநர் பெயர் போன்ற தகவலை அப்படியே கோப்பின் பாதையில் இட்டு எழுதும் அமைப்புகள் பல இடங்களில் பல ஆண்டுகளாக இயங்கி வந்தன. வெளியாள் ஒருவர் தந்த எழுத்துகளைச் சரிபார்க்காமல் கோப்புப் பாதையாகப் பயன்படுத்துவது ஆபத்து என்பதால், அந்தப் பதிப்பு அதை மறுத்தது. அத்தகைய அமைப்புகளில் மடல் விநியோகம் நின்றது. நிர்வாகிகள் வருந்தினார்கள் என்றாலும், அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பது அவர்களுக்கே தீங்காக முடிந்திருக்கும்.

ஆனால் முறித்தே ஆகவேண்டிய இடத்திலும் முறிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மற்றோர் அஞ்சல் வழங்கி மென்பொருள் அதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு. 2015-இல் வந்த அதன் 3.0 பதிப்பில் சில இயல்பமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. அதை எழுதியவர்கள் இணக்க நிலை என்ற ஓர் எண்ணை அமைப்புக் கோப்பில் புகுத்தினார்கள். பழைய கோப்பில் அந்த எண் இருக்காது அல்லவா? அதைக் கொண்டே இது பழைய நிறுவல் என்று மென்பொருள் புரிந்துகொண்டு, பழைய இயல்பமைப்புகளின்படியே தொடர்ந்து இயங்கும். பழைய இயல்பமைப்பு ஒன்று உண்மையில் பயன்படும் இடத்தில் மட்டும், இன்ன அமைப்பில் பழைய மதிப்பைக் கொண்டு இயங்குகிறேன் என்று பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதும். நிர்வாகி அந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழையதே வேண்டுமென்றால் அதைக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிட்டு, முடிவில் எண்ணை உயர்த்திக்கொள்ளலாம். மேம்படுத்திய இரவில் மடல் நிற்பதில்லை. முடிவெடுக்க வேண்டியவர் தமக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் முடிவெடுக்கிறார். எழுதப்படாத அமைப்பும் பயனருடையதே என்று ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு இது. மேசைக் கணினிச் செயலிகளிலும் இவ்வழக்கம் வரவேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

மறுமொழி 4: வழங்கி நிர்வாகி

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. வழங்கியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் மடலேந்தி அவர்களின் சிக்கலில் பாதியை வழங்கிக்கு நகர்த்தினாலே தீர்க்க முடியும்.

அறுபது வடிகட்டிகளும் ஏன் செயலிக்குள் இருக்க வேண்டும்? மடலை வகைப்படுத்தும் விதிகளை வழங்கியிலேயே எழுதி வைக்க சீவ் என்ற சிறிய மொழி இருக்கிறது. அதன் முதல் தரநிலை 2001-இலும், இப்போது வழக்கில் உள்ள ஆர்எஃப்சி 5228 என்ற தரநிலை 2008-இலும் வந்தன. விதிகளைத் தொலைவிலிருந்தே ஏற்றவும் திருத்தவும் உதவும் நெறிமுறை 2010-இல் வெளியானது. சீவ் விதிகள் வெறும் உரைக் கோப்புகள். உங்கள் கணினி அணைந்திருந்தாலும் அவை வேலை செய்யும். செயலியை மாற்றினாலும் கைபேசியில் பார்த்தாலும் மடல் உரிய கோப்புறையிலேயே இருக்கும். உங்கள் கணக்கு இருக்கும் சேவை சீவை ஏற்கிறதா என்று கேளுங்கள். ஏற்கவில்லை என்றாலும், பெரும்பாலான சேவைகள் தம் இணையப் பக்கத்தில் விதிகளை எழுத இடம் தருகின்றன. மதிப்பீட்டாளரின் மடல் போன்று தவறவே கூடாதவற்றுக்கான விதிகளையாவது அங்கே வையுங்கள்.

வழங்கியில் மேம்படுத்தலே சிக்கல் தராது என்று நான் சொல்லவரவில்லை. 2025 ஜனவரியில் வெளியான டவ்காட் 2.4 என்ற அஞ்சல் வழங்கி மென்பொருள், தன் முந்தைய 2.3 வரிசையின் அமைப்புக் கோப்பை ஏற்பதில்லை. எந்தப் பதிப்பின் அமைப்பு என்பதைக் கோப்பின் முதல் அமைப்பாகவே எழுத வேண்டும். மடல் சேமிக்கும் இடத்தைக் குறித்த ஒற்றை வரி, பல வரிகளாகப் பிரிந்தது. சான்றிதழுக்கான அமைப்புகளின் பெயர்கள் மாறின. பயனர் பெயரைக் குறித்த ஓரெழுத்து மாறிகளின் இடத்தில் நீண்ட வடிவம் வந்தது. இரண்டு வழங்கிகளுக்கிடையே மடல்களை ஒத்திசைத்து வைத்திருந்த வசதி நீக்கப்பட்டது. இவ்வளவையும் மேம்படுத்தும் வழிகாட்டி விளக்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீட்டுக் குறிப்புகளும் இதைத் தனியாகச் சுட்டின. அவற்றைப் படித்தவர்கள் ஒரு பகல் உழைத்து மாறிக்கொண்டார்கள். படிக்காமல் மேம்படுத்தியவர்களின் வழங்கி தொடங்கவே மறுத்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: புரியாத அமைப்பைக் கண்டதும் தொடங்க மறுப்பது, பாதியைப் புரிந்துகொண்டு பாதியை விட்டுவிட்டு மௌனமாக இயங்குவதைவிட மேலானது. ஒன்பது நாள்கள் ஒரு மடல் தென்படாமல் கிடந்தது, மௌனமாக இயங்கியதன் விளைவுதான்.

நிர்வாகிகள் அடிக்கடி சறுக்கும் மற்றோர் இடம், மேம்படுத்தலின் நடுவே வரும் கேள்வி. டெபியன் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு அமைப்புக் கோப்புக்கும் மூன்று வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன: முன்பு மென்பொருள் தொகுப்போடு வந்தது, இப்போது கணினியில் இருப்பது, புதிய தொகுப்போடு வருவது. நீங்கள் கோப்பைத் தொடவில்லையென்றால் புதியது கேட்காமலேயே இடம்பெறும். நீங்கள் திருத்தியிருந்து, தொகுப்பின் கோப்பு மாறாதிருந்தால் உங்களுடையது நிலைக்கும். இரண்டும் மாறியிருந்தால்தான் எதை வைப்பது என்ற கேள்வி எழும். உங்களுடையதை வைத்துக்கொள்வதே அங்கு இயல்பான விடை. புதிய கோப்பு வேறு பின்னொட்டுடன் அருகிலேயே வைக்கப்படும். ரெட்ஹாட் வகை லினக்ஸில் கேள்வியே கேட்கப்படாது. தொகுப்பை உருவாக்கியவர் குறித்தபடி, ஒன்று புதியது ஆர்பிஎம்நியூ என்ற பின்னொட்டுடன் ஓரமாக இருக்கும், அல்லது உங்களுடையது ஆர்பிஎம்சேவ் என்ற பின்னொட்டுடன் ஓரங்கட்டப்படும். மேம்படுத்திய உடனே இந்தப் பின்னொட்டுள்ள கோப்புகளைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். அவசரத்தில் புதியதை ஏற்றுக்கொண்டவர்கள் மனந்தளர வேண்டாம். பழைய கோப்பும் பெரும்பாலும் அதே அடைவில் காத்திருக்கும்.

இதனாலேயே, தொகுப்போடு வந்த கோப்பை நான் முடிந்தவரை தொடுவதில்லை. டவ்காட் தன் முதன்மைக் கோப்பின் இறுதியில், இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி ஓர் உள்ளூர்க் கோப்புக்கு இடம் வைத்திருக்கிறது. என் மாற்றங்கள் அனைத்தும் அங்கே இருக்கும். மேம்படுத்தும் முன், இயல்பமைப்பிலிருந்து வேறுபட்டவற்றை மட்டும் காட்டும் கட்டளையை இயக்கி அதன் விடையை ஒரு கோப்பில் சேமிப்பேன். போஸ்ட்ஃபிக்ஸிலும் அத்தகைய கட்டளை உண்டு. அதில் இன்னொரு வசதி என்னவென்றால், இயல்பமைப்போடு ஒத்திருந்தாலும் நீங்கள் கோப்பில் எழுதிய வரி அந்தப் பட்டியலில் தோன்றும். நிரலாளர் சொன்ன சிக்கல் அங்கே எழுவதில்லை. அமைப்பு அடைவு முழுவதையும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் வைத்திருப்பதால், எந்த வரியை எந்த நாளில் எதற்காக மாற்றினேன் என்பது எப்போதும் கையில் இருக்கிறது.

மறுமொழி 5: பெரிய எழுத்து

எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. இந்த உரையாடலில் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. இத்தகைய கேள்வி எழும்போதெல்லாம், எதையும் மாற்றாமல் இயல்பமைப்பிலேயே பழகிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்குப் பார்வைத்திறன் குறைவு. மடல் பட்டியலில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விட்டு, படிக்காத மடலுக்கு அடர்ந்த பின்னணி நிறம் கொடுத்து, ஒரு நண்பர் எனக்காகப் பாணித்தாள் எழுதித் தந்திருந்தார். அதை நான் அலங்காரமாக வைத்திருக்கவில்லை. அதைக் கொண்டுதான் மடல் படித்தேன். ஒரு காலையில் செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டபின் அது நின்றுபோனது. அடுத்த நண்பர் வந்து பார்க்கும் வரை என் மடல்களை வேறொருவர் எனக்குப் படித்துக் காட்ட நேர்ந்தது. தனிப்பட்ட மடல்களும் அவற்றில் இருந்தன. அமைப்புகளை வெறும் ரசனை என்று எண்ணி முறிப்பவர்கள், சிலருக்கு அவை கண்ணாடி போன்றவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மறுமொழி 6: நிரலாளர்

பெரிய எழுத்து அவர்களுக்கு: நீங்கள் எழுதியது என்னைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது. பாணித்தாள் நின்றதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மடலேந்தி அவர்களுக்கும் அது பயன்படும். தண்டர்பேர்டில், செயலி தொடங்கும் நேரத்தைக் குறைப்பதற்காக, பயனரின் பாணித்தாளைத் தேடும் வேலையே இயல்பாக நிறுத்தப்பட்டது. உள்ளமைப்புகளைத் திருத்தும் பக்கத்தில், பயனர் புரொஃபைலின் பழைய தனிப்பயன் பாணித்தாள்களை அனுமதிக்கும் அமைப்பைத் தேடி அதை மெய் என்று மாற்றினால் கோப்பு மீண்டும் படிக்கப்படும். ஆயினும் 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பு முகப்பையே புதிதாகக் கட்டியது. பழைய பாணித்தாள் சுட்டிய உறுப்புகள் பல அதில் இல்லை என்பதால், பாணித்தாளையும் திருத்த வேண்டியிருக்கும். எழுத்தின் அளவுக்கும் வரி அடர்த்திக்கும் மட்டும் என்றால், புதிய பதிப்புகளின் பட்டியலிலேயே அதற்கான தெரிவுகள் வந்துவிட்டன. முதலில் அவற்றை முயன்று பாருங்கள். நிறத்துக்கான சில வரிகளை மட்டும் நான் எழுதித் தருகிறேன். உங்கள் பழைய கோப்பை இங்கே ஒட்டுங்கள்.

மறுமொழி 7: மடலேந்தி

அனைவருக்கும் நன்றி. நிலவரத்தை எழுதிவிடுகிறேன், இதே இடரில் வருபவர்களுக்குப் பயன்படட்டும்.

நிறுவனத்தின் வழங்கியில் நெறிமுறையை உயர்த்திவிட்டார்கள். கணக்கு இணைந்தது, முடங்கிய ஏழு வடிகட்டிகளும் நிரலாளர் ஊகித்தபடி அந்தக் கணக்கின் கோப்புறைகளைச் சுட்டியவையே. அவற்றுக்கு இலக்கை மறுபடி காட்டிக் குறியிட்டேன். மதிப்பீட்டாளர்களின் மடல்களுக்கான பதினான்கு விதிகளைச் சீவ் மொழியில் எழுதி வழங்கியில் ஏற்றிவிட்டேன். இரண்டு மாலைகள் பிடித்தன. எழுதும்போது ஒன்று புலப்பட்டது. அவற்றில் ஐந்து விதிகள், எப்போதோ விலகிச்சென்றவர்களின் முகவரிகளுக்காக எழுதப்பட்டு இன்றுவரை ஒவ்வொரு மடலையும் வீணே சோதித்துக்கொண்டிருந்தன.

பாணித்தாளைக் கைவிட்டேன், எனக்கு வேண்டிய இடைவெளி பட்டியலில் உள்ள அடர்த்தித் தெரிவிலேயே கிடைத்துவிட்டது. யூசர்.ஜேஎஸ் கோப்பில் இப்போது பதினொரு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றின் மேலும் நாளும் காரணமும் எழுதியிருக்கிறேன்.

நீட்சிகளில் ஒன்றுக்கு மாற்று கிடைத்தது. மற்றொன்று, ஒரு கட்டுரை எண்ணுக்குரிய மடல்கள் அனைத்தையும் மூன்று கணக்குகளிலிருந்தும் திரட்டி, வரிசை எண்ணிட்ட கோப்புகளாக வட்டில் சேமித்துத் தரும். அதை எழுதியவர் பராமரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டார். இப்போதைக்கு அந்த வேலையைக் கையால் செய்கிறேன். இதற்கு இணையான நீட்சியை அறிந்தவர் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். இல்லையெனில் அதன் மூல நிரலைப் புதிய முறைக்கு மாற்றி எழுத எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்பதையாவது நிரலாளர் அவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.